சுவருக்கு அந்தப் பக்கம் போன பேஸ்

எங்கள் வீட்டுக் கூடத்தின் நட்டநடுவில், என் மாமனாரின் நாற்காலியில், ஏட்டையா ஒருவர் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு கண்ணை மூடி உட்கார்ந்திருந்த சாயங்காலம் இன்னும் அப்படியே என் கண்ணில் நிற்கிறது. எதிரே சுவரோரம் இடுப்பளவு உயரத்துக்கு இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகள் பாடிக்கொண்டிருந்தன. பக்கத்தில் என் மாமனார் கையைக் கட்டிக்கொண்டு, ஸ்கேன் ரிப்போர்ட்டை டாக்டர் படித்து முடிக்கும்வரை மூச்சுவிடாமல் நிற்பவரைப் போல நின்றார். வாசற்படிக்கு வெளியே, உள்ளே காலை வைக்காமல், செருப்பையும் கழற்றாமல், புகார் கொடுத்தவரான என் சின்ன மாமனார். ஒரு சரணம் ஓடி முடிந்ததும் ஏட்டையா கண்ணைத் திறந்தார்.

"ஐயா, தப்பா எடுத்துக்காதீங்க. இதுல பேஸே இல்லியே" என்றார்.

பேஸ், அதாவது பாட்டின் அடியில் 'தம் தம்' என்று அதிரும் சத்தம், அதிகம் என்பதுதான் புகார். ஆகவே அந்த ஒரு வார்த்தையில் என் மாமனார் நிரபராதி ஆகிவிட்டார். ஆனால் அதற்காகச் சந்தோஷப்படுவதா, பல மாதங்களாக அவர் எங்களிடம் சொல்லிப் புலம்பிக்கொண்டிருந்ததை ஒரு மூன்றாம் மனிதர் வந்து உறுதி செய்துவிட்டாரே என்று அழுவதா என்று தெரியாமல் அவர் முகம் கோணிக்கொண்டது. "அதத்தாங்க நானும் சொல்லிக்கினு இருக்கறேன்" என்றார். "யாரு நம்பறாங்க?"

என் மாமனார் அரசு பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். ஐயம்பேட்டை டவுன் பஸ்ஸிலிருந்து சென்னை வண்டி வரைக்கும் ஓட்டியிருக்கிறார். இடது முழங்காலுக்குப் பக்கத்திலேயே எஞ்சின் இருக்கும் அந்தக் காலத்து வண்டிகளில் அவர் ஆயுசின் பெரும்பகுதி போயிருக்கிறது. ஓய்வு பெற்ற அன்று மாலையும் கழுத்துமாக வீட்டுக்கு வந்து உட்கார்ந்தவர், சில நாட்களில் என்னைக் கூப்பிட்டு, "உடம்புல ஒண்ணும் ஓட மாட்டேங்குதும்மா" என்றார். நான் பயந்துபோய் டாக்டரிடம் அழைத்துப் போனேன். ரத்தம் ஓடுகிறது, இதயம் ஓடுகிறது, எல்லாம் நன்றாகவே ஓடுகிறது என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். என்ன ஓடவில்லை என்பது எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் தெரிந்தது. சமையலறையில் கிரைண்டரில் மாவு ஆடிக்கொண்டிருந்தது. மாமனார் வந்து அதன் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, அதன் வயிற்றில் உள்ளங்கையை வைத்துக்கொண்டார். அவர் முகம் அப்படியே இளகியது. அதற்குப் பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள் "மாவு ஆட்டலியாம்மா?" என்று கேட்க ஆரம்பித்தார். எங்கள் வீட்டில் பல மாதங்கள் மூன்று வேளையும் இட்லி, தோசை, குழிப்பணியாரம் என்றே போயிற்று. மாமியார் நான் கல்யாணமாகி வரும் முன்பே காலமாகிவிட்டார். வீட்டுக்காரருக்கு ஒரகடம் பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஷிப்டு வேலை. ஆகவே அத்தனை மாவுக்கும் நானே பொறுப்பு. பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்துகொண்டு தினம் மாவாட்டுவது எப்படி இருக்கும் என்று அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும்.

ஆகவே, கடையைக் கட்டிய ஒரு மைக் செட்காரரிடமிருந்து அந்தப் பழைய ஆம்ப்ளிஃபயரும் இரண்டு பெரிய ஸ்பீக்கர் பெட்டிகளும் குட்டி யானை வண்டியில் எங்கள் வாசலில் வந்து இறங்கியபோது எனக்கு நிம்மதியாகவே இருந்தது. கல்யாண வீடுகளில் பந்தலையே தூக்கிய பெட்டிகள் அவை. "இதுல ஒரு பாட்டு போட்டா நெஞ்சுல எஞ்சின் ஓடும் பாரு" என்றார் மாமனார். ஓடட்டும், கிரைண்டருக்கு ஓய்வு கிடைக்கும் என்று நினைத்தேன்.

பெட்டிகளை டிவிக்கு இரண்டு பக்கமும் வைத்தார். டிவி இருந்தது நடுச்சுவரில். அந்தச் சுவரைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. பெரிய காஞ்சிபுரத்தில் எங்கள் தெருவில் அந்த வீடு ஒரு காலத்தில் ஒரே வீடாக இருந்தது. அண்ணன் தம்பி இருவருக்கும் பாகம் பிரித்தபோது பெரிய கூடத்தின் நடுவே குறுக்குச் சுவர் எழுப்ப வேண்டியதாயிற்று. கொத்தனார், "ஒன்பது இஞ்ச் சுவரு வைங்க, அதுதான் நிக்கும்" என்றிருக்கிறார். அந்தக் கனத்துக்கு இடம் யார் பாகத்திலிருந்து போவது என்பதில் சண்டை வந்தது. "உன் பக்கத்துல கட்டிக்கோ" என்று அண்ணன் சொல்ல, "ஏன், உன் பக்கத்துல கட்டினா ஆகாதா?" என்று தம்பி சொல்ல, கடைசியில் ஒருவருக்கும் நஷ்டம் வராதபடி நாலரை இஞ்சில் ஒற்றைக் கல் சுவராக எழுப்பிவிட்டு, அன்றைக்கு நிறுத்திய பேச்சை இருவரும் மறுபடி தொடங்கவே இல்லை. நான் மருமகளாக வந்தபோதே அந்தச் சுவருக்கு வயதாகிவிட்டிருந்தது. என் கல்யாணத்துக்கே சின்ன மாமனார் வந்து, மணமேடைக்குப் பின்னால் நின்று அட்சதை போட்டுவிட்டு, அண்ணன் கண்ணில் படாமல் பந்தியில் சாப்பிட்டுவிட்டுப் போனாராம். அவர் மனைவி சின்னத்தையும் நானும் மட்டும் கொல்லைப்புறத்தில் துணி காயப்போடும்போது பேசிக்கொள்வோம். இரண்டு வீட்டுச் செய்தியும் அந்தக் கொடிக்கயிறு வழியாகத்தான் போய் வரும்.

தம்பி அண்ணனுக்கு நேர் எதிர். பட்டுக் கடையில் மெத்தையில் உட்கார்ந்து புடவை விரித்துக் காட்டியே காலம் கழிப்பவர். நூறு புடவையைப் பிரித்துப் பார்த்துவிட்டு ஒன்றும் வாங்காமல் எழுந்து போகிறவர்களையும் "பரவால்லமா, அடுத்த முகூர்த்தத்துக்கு வாங்க" என்று சிரித்து அனுப்பிப் பழகிய குரல். அண்ணன் "தண்ணி குடும்மா" என்று கேட்டால் தெருமுனை வரை கேட்கும். தம்பி கோபித்துக்கொண்டாலும் பக்கத்தில் இருப்பவர் காதைக் கொடுத்துக் கேட்க வேண்டும்.

பெட்டிகள் வந்த கையோடு மாமனார் தன் நாற்காலிக்கு இடம் பார்த்தார். "வேலையில இருந்த வரைக்கும் ஓரமாவே உட்கார்ந்தாச்சு. இனிமே நடுவுலதான் உட்காருவேன்" என்றார். நடு என்றால் ஏதோ நடு இல்லை. டேப்பை என் கையில் கொடுத்து, கணக்கு டீச்சர் என்ற முறையில் கூடத்தின் மையப்புள்ளியைக் கண்டுபிடிக்கச் சொன்னார். நானும் மூலைக்கு மூலை நூல் கட்டி, இரண்டு நூலும் வெட்டிக்கொள்ளும் இடத்தில் சாக்பீஸால் குறி போட்டுக் கொடுத்தேன். அதன்மேல் நாற்காலி ஏறியது. அவர் உட்கார்ந்தார். பாட்டு போட்டோம். பாடகர் பாடினார், வயலின் கேட்டது, சலங்கைகூடக் கேட்டது. மாமனார் நெஞ்சில் கை வைத்துப் பார்த்தார். ஒன்றும் ஓடவில்லை.

டிவியில் ஆம்ப்ளிஃபயருக்கென்று தனியாக ஓட்டை எதுவும் இல்லாததால், ஹெட்போன் குத்தும் துளையிலிருந்துதான் வயர் இழுத்திருந்தோம். பஸ் ஸ்டாண்டு பக்கம் எலெக்ட்ரானிக்ஸ் கடை வைத்திருந்தவர் இதைக் கேட்டதும் உச்சுக் கொட்டினார். "அந்தத் தொளையில வர்ற பாட்டு இளைச்சுப்போயிதான் வரும். பேஸு பாதிக்கு மேல அங்கியே வடிஞ்சிடும். டிவி பின்னாடி செவப்பா லைட்டு வர்ற ஓட்டை இருக்குது பாருங்க, அதுலேர்ந்து எடுத்து ஒரு டிஏசி போடுங்க" என்று தீப்பெட்டி அளவில் ஒரு கறுப்புப் பெட்டியைக் கொடுத்தார். மாமனார் அன்றைக்கு வீட்டுக்கு வந்து எனக்கு நடத்திய பாடம் மறக்கவே மறக்காது. "டிவிக்குள்ள பாட்டு பாட்டா இல்லம்மா, வெறும் எண்ணா இருக்குது. எண்ணைக் காது கேக்குமா? கேக்காது. இந்தப் பொட்டிதான் எண்ணையெல்லாம் திரும்பப் பாட்டா மாத்தும். மாத்தறவன் சோம்பேறியா இருந்தா பேஸை விட்டுடுவான்." அதாவது, எங்கள் வீட்டில் இதுவரை இருந்தவன் சோம்பேறி. இப்போது சுறுசுறுப்பான ஒருவன் வந்திருக்கிறான்.

அவன் வந்த முதல் நாள் 'சர்ர்' என்று வடை சுடும் சத்தம் மட்டுமே வந்தது. கடைக்காரரை போனில் பிடித்து, டிவியில் ஏதோ ஒரு அமைப்பை மாற்றிய பிறகுதான் பாட்டு வந்தது. வந்த பாட்டு முன்னைவிடத் தெளிவு. அதை மாமனாரும் ஒப்புக்கொண்டார். "மேல நல்லாருக்குது. நடுவுல நல்லாருக்குது. கீழ எங்கம்மா?" என்றார் சாக்பீஸ் குறியின்மேல் உட்கார்ந்துகொண்டு.

மறுநாள் கொல்லையில் சின்னத்தை, "நேத்து சாயங்காலம் எங்க அலமாரித் தட்டுல இருக்கற தாம்பாளமெல்லாம் முணுமுணுன்னு பேசிக்குச்சுமா" என்றார். எங்கோ ரோடு ரோலர் போயிருக்கும் என்று இருவரும் பேசிவிட்டு விட்டோம்.

அடுத்த டிஏசியை மாமனாரே சென்னைக்குப் போய், தெரிந்த டிரைவர் வண்டியில் ஏறி, ரிச்சி தெருவில் தேடி வாங்கி வந்தார். இது அலுமினியம், முன்னால் நீல விளக்கு. கடைசியாக வந்தது ஆன்லைனில், ஊர் பேர் தெரியாத பேஸ் பிரியர்களிடம் என் போனிலிருந்து விசாரித்து, அவர்கள் தமக்குள் அடித்துக்கொண்ட பிறகு ஒருவழியாகச் சிபாரிசு செய்தது. செங்கல் கனம். ஒவ்வொரு பெட்டி வரும்போதும் எங்கள் கூடத்தில் நடந்தது ஒன்றே. வயர் மாற்றுவார், உட்காருவார், கண்ணை மூடுவார், நெஞ்சில் கை வைப்பார், "இல்லம்மா" என்பார். நானும் உட்கார்ந்து பார்த்தேன். அவர் சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை. ஒலியின் அளவை ஏற்றினால் பாடகர்தான் மேலும் கத்தினார். அடித்தளத்தை யாரோ உருவிக்கொண்டு போனது போலப் பாட்டு வழுக்கிக்கொண்டு இருந்தது.

சுவருக்கு அந்தப் பக்கம் நடந்ததோ வேறு. அலுமினியப் பெட்டி வந்த வாரம் சின்னத்தையின் சில்வர் டம்ளர்கள் தட்டின் விளிம்புவரை ஊர்ந்து வந்து ஒவ்வொன்றாகக் கீழே குதித்தன. செங்கல் பெட்டி வந்த பிறகு நடந்ததுதான் பெரிய விஷயம். அவர்கள் வீட்டு சாமி அலமாரியில் ஒரு சின்னப் பித்தளைப் பிள்ளையார். காலையில் சின்ன மாமனார் பூ வைத்துவிட்டுக் கடைக்குப் போவார். திரும்பி வந்து விளக்கேற்றப் போனால் பிள்ளையார் முதுகைக் காட்டிக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பார். மனைவியைக் கேட்டால், நான் தொடவே இல்லை என்பார். திருப்பி வைத்தால் அடுத்த நாளும் அப்படியே. வாய் திறந்து யாரிடமும் சொல்லாத அந்த மனிதர் குன்றிப்போய்விட்டார். சாமியே முகத்தைத் திருப்பிக்கொள்ளும்படி என்ன செய்துவிட்டோம் என்று மனதுக்குள் கடைக் கணக்கையெல்லாம் புரட்டிப் பார்த்திருக்கிறார். மங்கலான புடவையைப் பளிச்சென்று இருக்கிறது என்று சொல்லி விற்றது, அந்தப் புடவையை வாங்கிப் போன மணப்பெண் என்று ஒவ்வொன்றாக ஞாபகம் வந்திருக்கிறது. குருக்களிடம் கேட்டு அறுகம்புல் மாலை சாத்தினார், கொழுக்கட்டை செய்து வைத்தார். பிள்ளையார் கொழுக்கட்டைக்கும் முதுகைக் காட்டினார்.

ஒரு விடுமுறை நாள் அவர் அலமாரி எதிரிலேயே உட்கார்ந்துவிட்டாராம். எங்கள் பக்கம் பாட்டு தொடங்கியது. 'தம்' என்று ஒரு அடி விழும்போதெல்லாம் பிள்ளையார் ஒரு நூலிழை திரும்பினார். பாட்டு முடியும்போது முழுதாகத் திரும்பிவிட்டார். சின்ன மாமனார் எழுந்து சட்டையைப் போட்டுக்கொண்டு நேராக ஸ்டேஷனுக்குப் போனார். பக்கத்து வாசலில் ஒரு குரல் கொடுத்திருக்கலாமே என்று பிறகு ஊரே கேட்டது. சுவர் எழுப்பிய நாளிலிருந்து ஒரு சொல்லும் பேசாதவருக்கு அதைவிட ஸ்டேஷன்தான் கிட்டே இருந்திருக்கிறது.

அப்படித்தான் ஏட்டையா எங்கள் கூடத்துக்கு வந்து சேர்ந்தார். புகாரைப் படித்ததிலேயே அவருக்குப் பாதி சிரிப்பு வந்துவிட்டது என்பது மீசை துடித்ததில் தெரிந்தது. ஆனால் நியாயமான மனிதர். இரண்டு பக்கமும் கேட்டுவிட்டுத்தான் பேசுவேன் என்றார். மாமனார் கொதித்துப்போயிருந்தார். வாசலைப் பார்த்துத் தம்பியிடம் பேசாமல், கூரையைப் பார்த்துப் பேசினார்.

"எனக்கே பேஸ் இல்லாம நான் நாயா பேயா அலைஞ்சிக்கினு இருக்கறேன். இவங்க வீட்ல சாமி சுத்துதாம்! பொறாமைங்க, வேற ஒண்ணுமில்ல."

வாசலிலிருந்து சின்ன மாமனார் தெருவைப் பார்த்துச் சொன்னார், "ஏட்டையா, பொறாமையில பிள்ளையார் திரும்புவாரா, கேளுங்க."

ஏட்டையா நாற்காலியில் உட்கார்ந்து கேட்டுத் தீர்ப்பைச் சொன்ன பிறகு, "சரி, பாட்டு ஓடட்டும், நிறுத்தாதீங்க. அங்கயும் ஒரு நடை பார்த்துட்டு வந்துடறேன்" என்று தொப்பியை வைத்துக்கொண்டு கிளம்பினார். நாங்கள் காத்திருந்தோம். கொஞ்ச நேரத்தில், போனதைவிட வேகமாகத் திரும்பி வந்தார். முகத்தில் சிரிப்பே இல்லை. ஆச்சரியம் மட்டுமே இருந்தது.

"ஐயா, நீங்களே வந்து பாருங்க. உங்க பேஸு மொத்தமும் அங்கதான் இருக்குது."

தொலைந்துபோன பசு பக்கத்துத் தெருத் தொழுவத்தில் கட்டியிருக்கிறது என்று கேள்விப்பட்டவர் எப்படிக் கிளம்புவாரோ அப்படிக் கிளம்பினார் மாமனார். செருப்பு போடவில்லை, துண்டை எடுக்கவில்லை. நானும் பின்னாலேயே ஓடினேன். தம்பி வீட்டு வாசற்படி வந்ததும்தான் அவருக்குத் தான் எங்கே வந்திருக்கிறோம் என்பது உறைத்தது. ஒரு கால் படிமேல், ஒரு கால் தெருவில். உள்ளே சின்னத்தை புடவைத் தலைப்பை இழுத்துச் சொருகிக்கொண்டு, நேற்றுகூட வந்துபோனவரைக் கூப்பிடுவது போல, "வாங்க மாமா" என்றார். உள்ளேயிருந்து 'தம், தம்' என்று சத்தம் வந்துகொண்டிருந்தது. மாமனாரால் அதற்குமேல் நிற்க முடியவில்லை.

அந்தக் கூடத்தில் பாடகர் இல்லை, வயலின் இல்லை. பேஸ் மட்டுமே இருந்தது. தாம்பாளங்கள் முனகின, ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது, தரை வழியாக என் உள்ளங்காலில் ஏறியது. மாமனார் நடுச்சுவரில் கையை வைத்தார். பிறகு திரும்பி, முதுகைச் சாய்த்து, அப்படியே சரிந்து தரையில் உட்கார்ந்தார். கண்கள் தாமாகவே மூடிக்கொண்டன. "தாம்பரம் ரூட்டுல புது வண்டி குடுத்தாங்களே..." என்றார் யாரிடமும் இல்லாமல். "அதே. அதே எஞ்சின்." ஓய்வு பெற்ற நாளிலிருந்து அந்த முகத்தை நான் பார்த்ததில்லை.

பாட்டு முடிந்தது. அவர் கண்ணைத் திறந்து, எதிரே நின்ற தம்பியை நேருக்கு நேராகப் பார்த்தார்.

"டேய், எவ்ளோ நாளா உனக்கு இது வந்துக்கினு இருக்குது?"

"நாலஞ்சு மாசமா" என்றார் தம்பி.

"சொல்ல மாட்டியாடா?"

"சொல்லத்தான் போலீஸைக் கூட்டிக்கினு வந்தேன்!"

ஏட்டையா அப்போதுதான் வாய்விட்டுச் சிரித்தார். அதற்குப் பிறகு எல்லோரும் சிரித்தோம், சின்ன மாமனாரைத் தவிர. அவர் அலமாரிக்குப் போய்ப் பிள்ளையாரை முன்பக்கம் திருப்பி வைத்துவிட்டு, கண்ணில் ஒற்றிக்கொண்டு நின்றார். தன்மேல் சாமிக்கு ஒரு கோபமும் இல்லை என்று தெரிந்த மனிதரின் நிம்மதி அது. சின்னத்தை எல்லோருக்கும் காபி கொடுத்தார். ஏட்டையா இரண்டாவது டம்ளரும் வாங்கிக் குடித்துவிட்டு, "ரெண்டு பேரும் பேசிட்டீங்க, இனிமே எனக்கு இங்க வேலையில்ல" என்று கிளம்பிப் போனார்.

மறுநாள் பள்ளிக்கூடத்தில் பிசிக்ஸ் டீச்சரிடம் இதைச் சொன்னேன். அவர் சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் விளக்கினார். பேஸின் அலை ரொம்ப நீளமானது. ஒரு அறைக்குள் அது சுவருக்குச் சுவர் மோதித் திரும்பும்போது, சுவரோரங்களில் குவியும், நட்டநடுவில் ஒன்றையொன்று தின்று தீர்த்துக்கொள்ளும். "நடுவுல எங்க உட்கார்ந்தா ஒண்ணுமே கேக்காதோ, அந்த எடத்தை நூல் பிடிச்சுக் குறி போட்டுக் குடுத்திருக்கீங்க" என்றார். டிஏசிகள் பாவம், ஒன்றைவிட ஒன்று நன்றாகவே உழைத்திருக்கின்றன. ஹெட்போன் துளை விட்டுவிட்ட பேஸையெல்லாம் அவை பொறுக்கிக் கொண்டுவந்து கொடுத்திருக்கின்றன. அது சுவரோரத்தில் குவிந்து, அந்தச் சுவரும் மெலிசாக இருந்ததால் மேளத்தோல் மாதிரி அதை அந்தப் பக்கம் தள்ளிவிட்டிருக்கிறது. "ஒன்பது இஞ்ச் சுவரா இருந்திருந்தா இவ்வளவு போயிருக்காது" என்றார். அந்தச் சுவர் ஏன் நாலரை இஞ்ச் ஆனது என்ற கதையை நான் அவரிடம் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்ததும் நாற்காலியை இழுத்துப் பின்சுவரோடு ஒட்டிப் போட்டேன். மாமனாரை உட்காரச் சொல்லிப் பாட்டு போட்டேன். பேஸ் வந்தது. நன்றாகவே வந்தது. நாற்காலியின் கைப்பிடி அதிர்வதை நான் என் கண்ணால் பார்த்தேன். மாமனார் ஒரு பாட்டு முழுக்கக் கேட்டார். பிறகு எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"இது வேறம்மா. அங்க வர்றது இன்னும் ரவுண்டா இருக்குது" என்று சொல்லிவிட்டுத் தம்பி வீட்டுக்குப் போய்விட்டார்.

அதன் பிறகு தினமும் சாயங்காலம் அதுவே வழக்கமாயிற்று. பாத்திர அலமாரியை எதிர்ச்சுவருக்கு மாற்றினார்கள். பிள்ளையார் கிழக்குச் சுவருக்குக் குடிபோனார். பழைய பஸ் டியூபை வெட்டிப் பெட்டிகளுக்கு அடியில் வைத்ததும் டம்ளர்கள் குதிப்பதும் நின்றது. அண்ணன் அந்தப் பக்கம் சுவரில் சாய்ந்துகொள்வார், தம்பி பக்கத்தில் சாய்ந்துகொள்வார். இந்தப் பக்கம் பாட்டைப் போடுவதும் மாற்றுவதும் என் பொறுப்பு. கிரைண்டரிலிருந்து விடுதலை வாங்கி ரிமோட்டுக்கு வாக்கப்பட்டேன். எங்கள் பக்கம் வார்த்தையும் ராகமும் மட்டும் கேட்கும், அவர்கள் பக்கம் அடி மட்டும் கேட்கும். என்ன பாட்டு ஓடுகிறது என்பதே அவர்களுக்குப் பல நாள் தெரியாது. அதைப் பற்றி இருவருக்கும் கவலையும் இல்லை.

பேச ஆரம்பித்த அண்ணன் தம்பி அதன் பிறகு அன்பாக இருந்தார்கள் என்று எழுத எனக்கும் ஆசைதான். பேச ஆரம்பித்தார்கள், அவ்வளவே. பேச ஆரம்பித்த வாரத்திலேயே டிஏசியை வைத்துச் சண்டையும் ஆரம்பித்தது. அண்ணன் மாதக்கணக்கில் கடை கடையாக ஏறிப் புரிந்துகொண்டதைத் தம்பி உட்கார்ந்த இடத்தில் புரிந்துகொண்டார். "இன்னாண்ணா பெரிய விஷயம்? ஜக்கார்டு அட்டையில ஓட்டை ஓட்டையா இருக்குது. பார்த்தா வெறும் அட்டை. தறியில ஏத்தினா முந்தானையில அன்னமா எறங்குதில்ல? அந்த மாதிரி இது." அண்ணனுக்கு அன்று ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை. புடவையை விரலால் தொட்டே பட்டின் தரத்தைச் சொல்லிப் பழகிய தம்பி, பிறகு முதுகால் டிஏசியின் தரத்தையும் சொல்லத் தொடங்கினார். செங்கல் பெட்டியின் பேஸ் அதிகம் கஞ்சி போட்ட மாதிரி விறைப்பாக இருக்கிறது, அலுமினியப் பெட்டியில்தான் பழைய பட்டு மாதிரி மடிப்பு விழுகிறது என்பது அவர் கட்சி. "பேஸுக்கு இன்னாடா மடிப்பு? நீ கடைய மூட்டை கட்டிக்கினு வந்துட்டியா?" என்பது அண்ணன் கட்சி. ஒருநாள் இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டு முடிவு கட்டிவிடலாம் என்று எங்கள் பக்கம் உத்தரவு வந்தது. அன்று வீட்டுக்காரருக்கு ஷிப்டு இல்லை, பாயில் படுத்திருந்தார். "மாத்துப்பா!" என்று சுவருக்கு அந்தப் பக்கமிருந்து அவர் அப்பா கத்தும்போதெல்லாம், படுத்த இடத்தில் ஒரு விரலையும் அசைக்காமல், "மாத்தியாச்சு!" என்று பதில் கொடுத்தார். ஒவ்வொரு முறையும் அந்தப் பக்கம், பார்த்தாயா, நான் சொன்னேனே என்று இரண்டு பேருமே வெற்றி கொண்டாடினார்கள்.

இதெல்லாம் நடந்து சில வருடங்கள் ஆகின்றன. மாமனாருக்கு எஞ்சின் பக்கத்துக் காது முழுதாக மந்தமாகி, மற்றக் காதும் அதன் வழியில் போய்க்கொண்டிருக்கிறது. போன மாதம் காதுக்கு மெஷின் வைக்க அழைத்துப் போனேன். அங்கே இருந்த பெண் பொறுமையாக விளக்கினாள். "ஐயா, இது டிஜிட்டல். வெளிய கேக்கறதை எண்ணா மாத்தி, சரி பண்ணி, திரும்ப சத்தமா மாத்தி உங்க காதுல விடும்."

மாமனார் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அப்போ உள்ள டிஏசி இருக்குதா?"

அந்தப் பெண் திகைத்துப்போய், "இருக்கும் ஐயா" என்றாள்.

"எந்த டிஏசி? பேஸே வரலியே."

"இது பேச்சு கேக்கறதுக்கு ஐயா. அதுக்கு பேஸ் தேவையில்ல."

"பேச்சு யாருக்கும்மா வேணும்?" என்றார் மாமனார்.

இருந்தாலும் வாங்கி வந்தோம். போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், சின்ன மாமனார் வீட்டில் நானும் காபி டம்ளரோடு உட்கார்ந்திருந்தேன். மாமனார் மெஷினைக் காதிலிருந்து எடுத்து, "எதுக்கும் உதவாத டிஏசிடா இது" என்று தம்பி கையில் வைத்தார். புதிதாக எது வந்தாலும் தொட்டுப் பார்க்காமல் விடாதவர் தம்பி. அதைப் புரட்டிப் பார்த்து, வேட்டி முனையால் துடைத்து, தன் காதில் மாட்டிக்கொண்டார். மாட்டிய உடனே அவர் முகம் மாறியது. சமையலறையில் சின்னத்தை யாருக்கும் கேட்காது என்ற தைரியத்தில் வழக்கம்போல் முணுமுணுத்துக்கொண்டிருந்தார். எனக்கே அரைகுறையாகத்தான் காதில் விழுந்தது. ரெண்டும் பேசாம இருந்த வரைக்கும் வீடு வீடா இருந்துது, இப்போ தினம் காபித் தூளே பத்தறதில்ல என்கிற மாதிரி ஏதோ ஒன்று. சின்ன மாமனாருக்கு அது ஸ்பீக்கர் வைத்துச் சொன்னது போலக் கேட்டிருக்க வேண்டும். மெல்ல மெஷினைக் கழற்றி அண்ணன் உள்ளங்கையில் திருப்பி வைத்து, விரல்களை மடக்கிவிட்டார்.

"அண்ணா, இதுல பேஸ் இல்லாட்டி பரவால்ல. மத்ததெல்லாம் ரொம்ப ஜாஸ்தியா வருது."

மெஷின் காதில் இல்லாததால் மாமனாருக்குக் கேட்கவில்லை. "இன்னாடா சொல்ற?"

"ஒண்ணுமில்ல. பாட்டு போடச் சொல்றேன்."

மாமனார் மெஷினைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். இருவரும் நகர்ந்து சுவரில் முதுகைச் சாய்த்தார்கள். நான் எழுந்து எங்கள் வீட்டுக்கு வந்து பாட்டைப் போட்டேன். சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து இரண்டு குரல்கள் ஒரே நேரத்தில் கத்தின. ஒன்று ஏற்றச் சொன்னது, ஒன்று இறக்கச் சொன்னது. நான் இருந்த இடத்திலேயே விட்டுவிட்டு, குழம்புக்குப் புளி கரைக்கப் போனேன்.